பாஸ்குக் கறி

முப்பத்தாறாம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், காலில் கட்டியிருந்த கயிறு நழுவி ஒரு கொழுத்த பன்றி ராணியம்மாளின் வலது மார்பில் உதைத்தது. அவள் அதன் கழுத்தில் முழங்காலை ஊன்றி அழுத்திக் கத்தியை இறக்கினாள். ஊரே கறிக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது வலியைப் பார்க்க எங்கே நேரம்?

இண்டூருக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த வேதக்கார ஊர். எல்லாரும் கேழ்வரகும் அவரையும் விதைக்கிற குடியானவர்கள். கிறிஸ்துமஸ், கர்த்தர் உயிர்த்த பாஸ்கு, மாதா திருநாள் என்று வருஷத்தில் மூன்று பண்டிகைக்கு வீடு தவறாமல் பன்றிக்கறி வேகும். வெட்டிக் கூறு போடுவது ராணியம்மாளின் வேலை. மற்ற நாட்களில் வாரம் ஒன்று அடித்துச் சந்தைக்குக் கொண்டுபோவாள். அவள் புருஷன் பெரியநாயகம் செய்த தொழில் அது. வாந்திபேதியில் அவன் ஒரே பகலில் போய்ச் சேர்ந்தபோது, கத்தி தம்பி சவுரியப்பன் கைக்குப் போகும் என்றுதான் ஊர் நினைத்தது. ஆனால் சவுரியப்பனுக்குக் கத்தி பிடிப்பதைவிடக் கள்ளு மொந்தை பிடிப்பதுதான் நன்றாக வந்தது. அடக்கம் முடிந்த வாரமே ராணியம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் போய் நின்றாள். பொம்பளை வெட்டிய கறியா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. கூறு சமமாக விழுந்ததைப் பார்த்ததும் வாய் அடங்கியது.

உதை பட்ட இடத்தில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. முதலில் புளியங்கொட்டை அளவு. மழைக்காலத்துக்குள் அது எலுமிச்சம்பழம் ஆகித் தோலைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. ஏரியூர்ப் பக்கத்து வைத்தியன் ஒருவன் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மூன்று முறை சுட்டான். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அவள் தாங்கினாள். சுட்ட இடம் ஆறவே இல்லை. நாற்றம் எடுக்கத் தொடங்கிற்று. கடைசியில் கன்னியர் மடத்தில் மருந்து கொடுக்கும் அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இது புத்து நோவு, ராணி. இங்க ஒண்ணும் ஆவாது. பெங்களூருக்குப் போ. நாளைக்கே போ."

தை மாதத்தில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் அவள் மார்பை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கையால் தடவியபோது அந்தப் பக்கம் பலகைபோல் இருந்தது. அக்குள்வரை வழித்து எடுத்திருந்தார்கள். வலது கை தோளுக்குமேல் எழவில்லை. அவள் அழுதாள். ஒரு பகல் முழுக்க அழுதாள். சாயங்காலம் கஞ்சி வந்தது. பசித்தது. குடித்தாள்.

புண் ஆறியதும், விபூதிப் புதன் கழிந்து தவக்காலம் தொடங்கிய சமயத்தில் கரண்டு வைத்தியம் ஆரம்பமாயிற்று. இருட்டு அறையில் படுக்க வைத்து, மேலே ஒரு பெரிய இரும்புக் குழாயை இறக்கிவிட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குழாய் வண்டுபோல் இரையும். உடம்பில் ஒன்றும் உறைக்காது. ஆனால் சில நாளில் தோல் தீயில் வாட்டிய பன்றித்தோல்போலக் கறுத்து உரியத் தொடங்கியது. குமட்டிக்கொண்டு வந்தது. தின்றதெல்லாம் வெளியே வந்தது.

பக்கத்துக் கட்டிலில் சென்னம்மாள் என்று ஓசூர்ப் பக்கத்துக்காரி ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் இதே நோவு. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, சாவு வராதா சாவு வராதா என்று தெலுங்கில் முனகிக்கொண்டே இருப்பாள்.

"எனக்கு அதுக்கெல்லாம் தோதுப்படாதும்மா," என்றாள் ராணியம்மாள். "இது தவக்காலம். எங்க ஊர்ல ஒருத்தரும் கவுச்சி தொடமாட்டாங்க. எனக்கு வேலையே இல்லாத மாசம். அதுனாலதான் இங்க வந்து படுத்திருக்கறன். பாஸ்கு வந்துட்டா நான் போவணும். பன்னி காத்துக்கிட்டிருக்கும்."

"பன்னியா?"

"ஆமா. நானும் வெட்டுறவதான். இங்க இருக்கற டாக்டருங்க வெட்டுனதப் பார்த்தன். பரவால்ல, கை சுத்தம்தான். ஆனா எங்கிட்ட ஒரு மாசம் வேலைக்கு நின்னாங்கன்னா இன்னும் நல்லா வரும்."

சென்னம்மாள் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரித்தாள். சிரித்ததில் தையல் வலித்து ராணியம்மாளைத் திட்டவும் செய்தாள்.

வைத்தியம் பார்த்தது ஒரு லேடி டாக்டர். கன்னடத்தையும் தமிழையும் கலந்து பேசுவாள். பாஸ்குக்கு ஊருக்குப் போகவேண்டும் என்றதும் முகம் சுளித்தாள்.

"இன்னும் பாதி பாக்கி இதெ. நடுவுல விட்டா திரும்பி வரும்."

"பண்டிகை முடிஞ்சதும் வந்துடறனுங்க. மாதா மேல ஆணை."

"ஊர்ல ஏன் கெலஸா உனக்கு? என்ன வேலை?"

சொன்னாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சரி போ. வேலை செய்றது ஒள்ளேது, நல்லது. படுத்தே கெடந்தா மனசு செத்துப் போவும். ஆனா இந்தக் கையில பாரம் தூக்காதே. புண்ணுமேல அடி படக்கூடாது. ஒரு அடிகூட."

பெரிய வியாழன் மத்தியானம் ராணியம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்தாள். எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தர்கூடக் கிட்டே வரவில்லை. கதவைத் திறந்தால் கத்திகள் கட்டி வைத்திருந்த சாக்கைக் காணோம். கறி வெட்டும் புளியமரக் கட்டையைக் காணோம். பின்னால் போய்ப் பார்த்தாள். பட்டி காலி. பாஸ்குக்கென்று தவிடும் கூழும் ஊற்றி வளர்த்த பன்றிகளில் ஒன்றுகூட இல்லை.

சவுரியப்பனின் பெண்சாதி சாலம்மாள் முந்தானைக்குள் ஒரு சட்டியை மறைத்துக்கொண்டு வந்தாள். கேழ்வரகுக் கூழ். அவள் இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"அக்கா, குடி. சீக்கிரம் குடி. எங்க வூட்டு ஆளு பார்த்தா என்னைக் கொன்னுடும்."

"என் சாமானெல்லாம் எங்கடி?"

"எல்லாம் எங்க வூட்டுலதான் கெடக்குது. பன்னி ரெண்ட வித்துக் குடிச்சிடுச்சு. பெரிய கடுவன் பன்னி ஒண்ணுதான் பாக்கி. கள்ளுக்கடையெல்லாம் சர்க்காரு மூடுனதுல இருந்து காட்டுக்குள்ள போயி எதையோ காச்சிக் குடிச்சிட்டு வருது. நீ செத்துட்டன்னு ஊரெல்லாம் சொல்லிச்சு. அப்பறம் நீ பொழச்சிட்டன்னு மடத்தம்மா சொன்னதும், புத்துக்காரி தொட்ட கறிய தின்னா தின்னவங்களுக்கும் புத்து வரும்னு சொல்லிக்கிட்டுத் திரியுது."

வாசலில் நிழல் விழுந்தது. சவுரியப்பன் நின்றான். அகலத் தோள் ஆள். அண்ணனின் சாடை முகத்தில் அப்படியே இருக்கும். அவன் நேராக வந்து சாலம்மாளின் கொண்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். சட்டி உடைந்து கூழ் தரையெல்லாம் ஓடியது.

"விடுடா அவள!"

"அண்ணி, நீ பேசாம மூலையில கெட. ரெண்டு வேளை சோறு நான் அனுப்பறன். எங்கண்ணன் தொழில் எனக்கு. செத்த பொணம் வந்து கத்தி புடிச்சா ஊரு சிரிக்கும்."

சாலம்மாளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். அவள் கத்தவில்லை. கத்தினால் இன்னும் இரண்டு அடி விழும் என்பது அவளுக்குத் தெரியும்.

பெரிய வெள்ளியன்று கோவிலில் ராணியம்மாள் உட்கார்ந்த பாயிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தராக நகர்ந்து போனார்கள். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்ய வரிசையில் நின்றபோது, அவள் வாய் வைத்த இடத்தைப் பின்னால் வந்தவள் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு முத்தி செய்தாள். ராணியம்மாளுக்கு அந்த நிமிஷம் அவள் மூக்கை அறுத்துவிடலாம் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து கதிரரிவாளை எடுத்தாள். கத்தி இல்லாத வீட்டில் அதுதான் மிச்சம். இடது கையில் பிடித்து வாழைத்தண்டை வெட்டிப் பார்த்தாள். கோணலாக விழுந்தது. பொழுது சாய்கிறவரை வெட்டிக்கொண்டே இருந்தாள். தண்டு முழுக்கத் தீர்ந்தபோது வெட்டு நேராக விழுந்தது.

பெரிய சனிக்கிழமை காலைப் பூசையில் அல்லேலூயா பாடி மணி அடித்தார்கள். தவக்காலம் முடிந்தது. கறிக்குப் பாத்திரமும் தேக்கிலையும் எடுத்துக்கொண்டு ஊர் ஏரிக்கரைக்குக் கிளம்பியது. ராணியம்மாளும் போனாள்.

கரையில் மூன்று கல் கூட்டி அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வெட்டிய பன்றிமேல் அதை ஊற்றித்தான் மயிரைச் சுரண்டுவார்கள். சாலம்மாள் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். கடுவனின் பின்னங்கால் ஒன்றை முளைக்குச்சியில் கட்டியிருந்தார்கள். தந்தம் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பழுத்த பன்றி. சவுரியப்பனுக்குக் காலையிலேயே கண் சிவந்திருந்தது. கோடாலியின் பின்பக்கத்தால் அதன் நெற்றியில் அடித்தான். குறி தவறிக் காதோரம் பட்டது.

அது போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. திரும்பிப் பாய்ந்து அவன் கையிலிருந்த கோடாலியைத் தட்டிவிட்டது. அவன் ஓடினான். கூட்டம் சிதறியது. பாத்திரங்கள் உருண்டன. பன்றி கயிறு போகும் மட்டும் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பாய்ந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முளைக்குச்சி ஆடியது. கயிற்றில் இழை இழையாக அறுந்துகொண்டிருந்தது. அறுந்தால் எத்தனை பேர் வயிறு கிழியும் என்பது ராணியம்மாளுக்குத் தெரியும்.

புளியங்கட்டைமேல் அவளுடைய நீளக் குத்துக்கத்தி இருந்தது. இடது கையால் எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கினாள்.

"ஐயோ, ராணீ!" என்று யாரோ அலறினார்கள்.

அவள் ஓடவில்லை. கயிறு விறைக்கிற பக்கமாகப் போய் நின்றாள். பன்றி அவளைப் பார்த்துப் பாய்ந்தது. ஒரு முழம் இருக்கும்போது கயிறு சுண்டி இழுத்து அதைப் பக்கவாட்டில் கவிழ்த்தது. அந்த நொடியில் அவள் அதன் கழுத்தில் விழுந்தாள். முன்னங்காலுக்குப் பின்னால் கத்தியின் முனையை வைத்தாள். இடது கையின் பலம் போதவில்லை. பிடியின்மேல் இடுப்பை வைத்து முழுப் பாரத்தையும் போட்டாள். கத்தி விலாவுக்குள் இறங்கியது. பன்றி அவளைச் சுமந்துகொண்டே எழுந்து, மண்ணில் இழுத்துக்கொண்டு புரண்டது. தழும்பில் எங்கோ பொறுக்கென்று தோல் பிரிந்தது. அவள் விடவில்லை. இரத்தம் சூடாக முழங்கைவரை கொட்டியது. கால்கள் உதறி உதறி மெதுவாக ஓய்ந்தன.

எழுந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. உடம்பெல்லாம் இரத்தம். எது பன்றியுடையது, எது தன்னுடையது என்று தெரியவில்லை. ஆனால் உள்ளே ஏதோ நிமிர்ந்து நின்றது. தை மாதத்திலிருந்து அவளை விட்டுப் போயிருந்த ஏதோ ஒன்று.

"சாலா, சுடுதண்ணி கொண்டாடி. வெயில் ஏறறதுக்குள்ள சுரண்டணும்."

சாலம்மாள் பெரிய குடத்தில் மொண்டாள். சிதறிய ஜனம் மெல்லத் திரும்பி வந்தது. யாரோ சிரித்தார்கள். சவுரியப்பனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவன் ஏரி மதகின் பின்னாலிருந்து வேட்டியில் சேற்றோடு வந்துகொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்புதான் அவனை வெறி பிடிக்க வைத்தது.

"தின்னுங்கடா! தின்னுங்க! உங்க பொண்டாட்டிங்களுக்கும் இதே வரட்டும்! பாக்கறீங்களா, எப்பேர்ப்பட்ட ஒடம்போட உங்களுக்குக் கூறு போடறாள்னு?"

ராணியம்மாள் திரும்புவதற்குள் அவன் அவளுடைய முந்தானையைப் பிடித்து உருவினான். ரவிக்கையைக் கழுத்திலிருந்து கிழித்தான். கட்டுத்துணி அவிழ்ந்து விழுந்தது. கறுத்து உரிந்த தோலும், அக்குள்வரை ஓடும் தழும்பும், நடுவில் புதிதாகப் பிளந்த சிவப்பும் ஊர் முன்னால் வெயிலில் கிடந்தன. பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஆண்கள் தலை குனிந்தார்கள். ஒருத்தரும் ஒரு அடி முன்னால் வைக்கவில்லை.

அவள் கையை வைத்து மறைக்கவில்லை. "நல்லா பாத்துக்க. உங்கண்ணன் பொண்டாட்டி ஒடம்பு," என்றாள்.

சவுரியப்பன் முஷ்டியை மடக்கித் தழும்பின்மேல் குத்தினான்.

உலகம் வெள்ளையாகிப் போனது. அவள் முழங்காலில் விழுந்தாள். இரண்டாவது குத்துக்கு அவன் கையை ஓங்குவது மங்கலாகத் தெரிந்தது. கத்தி பன்றியின் விலாவிலேயே இருந்தது, எட்டவில்லை. அப்போது ஆவியும் அலறலும் ஒன்றாக எழும்பின.

சாலம்மாள் குடத்துத் தண்ணீரை அவன் தோளில் கவிழ்த்திருந்தாள்.

சவுரியப்பன் மண்ணில் விழுந்து புழுவாகத் துடித்தான். தோளிலும் முதுகிலும் தோல் வெந்து சுருண்டது. சாலம்மாள் காலிக் குடத்தோடு நின்றாள். "இன்னொரு குடம் இருக்குது," என்றாள். கத்தவில்லை, சும்மா சொன்னாள். அதைக் கேட்டுத்தான் ஊருக்கு உடம்பு சிலிர்த்தது.

அவன் அலறலைக் கேட்டபோது ராணியம்மாளுக்கு மனசு குளிர்ந்தது. இன்னும் அலறட்டும் என்று இருந்தது. அடுத்த நிமிஷம் அந்தக் குளிர்ச்சியைக் கண்டே அவளுக்குப் பயம் வந்தது. பெரியநாயகமே வெந்து கிடப்பதுபோல் இருந்தது.

"நிக்கறீங்களேப்பா! தூக்கி ஏரித் தண்ணியில போடுங்க! அப்பறம் வண்டி கட்டி பென்னாகரத்துக்குக் கொண்டுபோங்க!" என்று அவள்தான் கத்தினாள். அப்போதுதான் ஆண்களுக்குக் கால் வந்தது.

வண்டி போனது. ராணியம்மாள் அவிழ்ந்த கட்டுத்துணியை உருட்டிப் புண்ணில் வைத்து, அதன் மறுமுனையைச் சாலம்மாளிடம் கொடுத்து இறுக்கக் கட்டச் சொன்னாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடுத்த தண்ணீர் வந்தது. மயிரைச் சுரண்டினார்கள். இரண்டு பெண்களும் சேர்ந்து வயிற்றைப் பிளந்து ஈரலை எடுத்தார்கள். ராணியம்மாள் இடது கையால் வெட்டினாள், சாலம்மாள் தேக்கிலையில் கூறு வைத்தாள். எல்லாக் கூறும் வைத்து முடிந்தது. ஈ மொய்க்க ஆரம்பித்தது. வாங்க ஒருத்தரும் வரவில்லை.

கோவில் உபதேசியாரின் தாயார் மதலேனம்மாள் கடைசியில் கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்குப் பல்லு இல்ல, ராணி. கொழுப்பாப் பார்த்து ஒரு கூறு குடு."

"வாங்க ஆத்தா. உங்களுக்குன்னு தொடையில எடுத்து வச்சிருக்கறன்."

அதன்பின் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். பாதி ஊர் வாங்கியது. பாதி ஊர் வெறும் பாத்திரத்தோடு திரும்பிப் போனது. மிஞ்சியதை உப்புப் போட்டு வெயிலில் கட்டினார்கள்.

மறுநாள் பாஸ்குப் பூசைக்கு முன்னால் ராணியம்மாள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவன் வெந்தபோது சந்தோஷப்பட்டேன் என்றாள். சாமியார் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சாலம்மாள் பாவசங்கீர்த்தனத்துக்கே போகவில்லை.

போலீஸ்காரர் திங்கட்கிழமை வந்தார். சவுரியப்பன் பென்னாகரம் ஆஸ்பத்திரியில், கால் வழுக்கி அண்டாமேல் விழுந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருந்தான். பெண்சாதி கையால் வெந்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "அப்படித்தானா?" என்று போலீஸ்காரர் சாலம்மாளைக் கேட்டார். "அது சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க," என்றாள் அவள்.

அன்றைக்கே ராணியம்மாள் பெங்களூர் பஸ் ஏறினாள். புண்ணைப் பார்த்ததும் லேடி டாக்டர் கன்னடத்தில் திட்டிய திட்டில் பாதி அவளுக்குப் புரியவில்லை, புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. மறுபடியும் தைத்தார்கள். மறுபடியும் இருட்டு அறை, குழாய், குமட்டல். சென்னம்மாளின் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். ஊருக்குப் போய்விட்டாளா என்று கேட்டதற்கு நர்ஸ் மேலே கையைக் காட்டிவிட்டுப் போர்வையைச் சரி செய்தாள். அன்றைக்கு ராணியம்மாள் கஞ்சியைத் தொடவில்லை. புதிதாக வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழத் தொடங்கியபோதுதான் எழுந்து உட்கார்ந்து, "எந்த ஊரும்மா உனக்கு?" என்று கேட்டாள்.

வைத்தியம் முடித்து அவள் திரும்பியபோது சவுரியப்பன் ஊரில் இல்லை. தோள் ஆறியதும் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போய்விட்டானாம். போகும்போது சாலம்மாளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். சாலம்மாள் தனியாகச் சந்தைக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கறியைக் கண்டபடி சிதைத்து, ஈரலைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொசுறாக அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ராணியம்மாள் அவளை நன்றாகத் திட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள்.

ஆடி கழிந்து மாதா திருநாள் வந்தது. இருவரும் ஏரியூருக்குப் போய் ஒரு பன்றியைப் பிடித்து, கால்களைக் கட்டி மூங்கிலில் கோத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் ராணியம்மாள், இடது தோளில் மூங்கில். பன்றி வழியெல்லாம் காது கிழியக் கத்தியது. காட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாஞ்சாலி என்பவள், சந்தையில் கறி வாங்கிப் பழக்கமானவள், இவர்களைப் பார்த்து ஓடி வந்தாள்.

"ஏனக்கா, பெங்களூருக்குப் போனியே, நோவு தீந்துடுச்சா?"

"டாக்டரம்மா மார்கழியில வந்து காட்டச் சொல்லியிருக்குது. தீந்துச்சோ தீரலையோ, அப்பத்தான் தெரியும்," என்றாள் ராணியம்மாள். "இந்தா, சும்மா நிக்காத. அந்தக் கயிற புடி, நழுவுது."

பாஞ்சாலி கோலைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றை இறுக்கப் பிடித்தாள்.